எதிர்ப்பில்லாத விவாகரத்து: வன்னியில் முதல்முறை நீதிமன்றம் போகிறவருக்கு

போன மாதம் பரந்தனில் இருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். கையில் போன், அதில் ஒரு வீடியோ. "அக்கா, ரெண்டு பேருக்கும் சம்மதம் எண்டா ஆறு மாதத்தில முடியும் எண்டு சொல்லுறாங்கள், பாருங்கோ." பார்த்தேன். பேசுகிறவர் தமிழ்நாட்டு வக்கீல். அவர் சொன்னதில் பிழையில்லை, ஆனால் அது இந்தியச் சட்டம். அங்கே இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்த்த 13பி பிரிவின்படி கணவனும் மனைவியும் சேர்ந்தே மனுப் போடலாம். இலங்கையில் பொதுச் சட்டப்படி மணம் முடித்தவர்களுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. "வக்கீல்" என்ற சொல் காதில் விழுந்ததுமே அவன் வீடியோவை நிறுத்தியிருக்க வேண்டும். எங்களுக்குச் சட்டத்தரணிதானே!

நான் சட்டத்தரணி இல்லை. எனக்கு விவாகரத்துக் கிடைத்து எட்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாருக்கு இந்தக் கதை வந்தாலும் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். துணைக்கு நீதிமன்றம் போய் வாங்கில் உட்கார்ந்து பழகிப்போய்விட்டது. அப்படிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை, முதல்முறை கோடு கச்சேரி ஏறுகிற ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன்.

எதிர்ப்பில்லை என்றால் என்ன?

எங்கள் நாட்டில் பொது விவாகத்தை நிர்வகிப்பது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அது விவாகரத்துக்கு மூன்று காரணங்களை மட்டுமே ஏற்கிறது. ஒன்று, திருமணத்துக்குப் பின் வேறொருவருடன் தகாத உறவு. இரண்டு, வன்மமாகக் கைவிட்டுச் செல்லல். மூன்று, திருமணத்தின்போதே இருந்த, மாற்ற முடியாத ஆண்மைக் குறைவு அல்லது தாம்பத்திய இயலாமை. "எங்களுக்கு ஒத்துவரவில்லை" என்பது இந்தப் பட்டியலில் இல்லை. இருவரும் கைகோர்த்துப் போய் நின்று "பிரித்துவிடுங்கள் ஐயா" என்று கேட்டாலும் நீதிபதியால் பிரித்துவிட முடியாது. ஒருவர் வழக்காளி, மற்றவர் எதிராளி. வழக்காளி மூன்றில் ஒரு காரணத்தைச் சொல்லி, சாட்சிக் கூண்டில் ஏறி அதை நிரூபிக்க வேண்டும்.

அப்படியென்றால் எதிர்ப்பில்லாத வழக்கு எது? எதிராளி வந்து மறுக்காத வழக்கு. அழைப்பாணை கிடைத்தும் அவர் வராமல் விடலாம். அல்லது தன் சட்டத்தரணியோடு வந்து, "பிள்ளைகள், சொத்து, பணம் பற்றி இணங்கிவிட்டோம், விவாகரத்தை எதிர்க்கவில்லை" என்று சொல்லலாம். இரண்டாவதுதான் நல்லது. எதிராளி வராத வழக்கில், முடிந்தபின் வந்து "எனக்குத் தெரியாமல் தீர்ப்பு எடுத்துவிட்டார்" என்று சொல்ல இடமிருக்கிறது. வராமல் விட்டவருக்குத் தீர்ப்புக் கட்டளையின் பிரதி சேர்ப்பிக்கப்பட்டு, அதிலிருந்து 14 நாட்களுக்குள் தகுந்த காரணம் காட்டி அதை நீக்கும்படி கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

அநேகமான எதிர்ப்பில்லாத வழக்குகள் இரண்டாவது காரணத்தில்தான் போடப்படுகின்றன. தகாத உறவு என்று போட்டால் அந்த மூன்றாம் ஆளையும் வழக்கில் இணை எதிராளியாகச் சேர்க்க வேண்டி வரும். பிறகு அது எதிர்ப்பில்லாத வழக்காக இருக்காது. ஊர் முழுக்கப் பேசும். வன்மமாகக் கைவிடல் என்றால் வீட்டை விட்டுப் போனவர்தான் குற்றவாளி என்று எண்ணிவிட வேண்டாம். அடி, குடி, அவமானம் தாங்காமல் மனைவி தாய்வீட்டுக்கு வந்திருந்தால், வெளியே போக வைத்த கணவனே கைவிட்டவன் என்று வாதிடலாம். இத்தனை வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்ற கணக்கு இந்தக் காரணத்துக்கு இல்லை. சேர்ந்து வாழ்வதை முடித்துக்கொள்ளும் எண்ணத்தோடு போனாரா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. இருவரும் சேர்ந்து நடக்காத ஒரு கதையைக் கட்டி நீதிமன்றத்தில் சொல்வதைச் சட்டம் கூட்டுச்சதி என்கிறது. அது தெரியவந்தால் வழக்குத் தள்ளுபடியாகும். பிள்ளைகள், காணி, பணம் பற்றி இணங்குவது வேறு, காரணத்தை இட்டுக்கட்டுவது வேறு. உங்கள் சட்டத்தரணியிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மூன்று காரணத்தில் எதற்குள் அது பொருந்துகிறது என்று பார்ப்பது அவருடைய வேலை.

இந்த வழி யாருக்குப் பொருந்தாது?

முஸ்லிம் மக்களுக்கு வேறு சட்டம், 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். அவர்கள் காதி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை வன்னித் தமிழருக்கும் பொருந்தும் என்பதால் சிலர் குழம்புகிறார்கள். தேசவழமை சொத்துப் பற்றியது. விவாகரத்துக்குக் காரணம் பொதுச் சட்டத்தில்தான்.

"நாங்கள் தாலி மட்டும்தான் கட்டினது, பதியவில்லை, அப்ப விவாகரத்தே தேவையில்லைதானே?" இந்தக் கேள்வி எங்கள் பக்கத்தில் அடிக்கடி வரும். போர்க்காலத்தில் அவசர அவசரமாக நடந்த கலியாணங்கள் எத்தனை! ஆனால் கூறை, தாலியோடு முறைப்படி நடந்த சடங்குக் கலியாணத்தைப் பதிவில்லாமலே நீதிமன்றம் ஏற்கக்கூடும். அந்த நிலையில் மறுமணம் செய்தால் சிக்கல் பெரிது. முதல் திருமணம் செல்லுபடியாக இருக்கும்போது இரண்டாவதைச் செய்வது ஏழு வருடம் வரை சிறைத்தண்டனை தரக்கூடிய குற்றம். ஆகவே பதிவில்லாதவர்களும் முதலில் ஒரு சட்டத்தரணியைக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

2009இல் கணவரைத் தொலைத்த பெண்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. காணாமற்போனவருக்காகக் கொடுக்கும் சான்றிதழ் விவாகரத்து இல்லை. அதை வைத்துக்கொண்டு மறுமணப் பதிவுக்குப் போக நினைத்தால் முதலில் சட்ட ஆலோசனை எடுங்கள்.

அப்புறம், வீட்டில் அடிவாங்கிக்கொண்டிருப்பவருக்கு விவாகரத்து முதல் வேலை இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்ற இலக்கம் பெண்களுக்கான உதவி இலக்கம். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரிடமும் போகலாம். பாதுகாப்பான இடத்துக்கு வந்தபின் மற்றதைப் பார்க்கலாம்.

இன்னொன்று. பொலிஸில் எழுதிக் கொடுத்தது, இணக்க சபையில் கையெழுத்து வைத்தது, பெரியவர்கள் முன்னால் முத்திரைக் கடதாசியில் எழுதிப் பிரிந்தது, இவை எதுவும் விவாகரத்து இல்லை. மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளை ஒன்றுதான் விவாகரத்து. முத்திரைக் கடதாசியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு பத்து வருடம் "நான் பிரிஞ்சிட்டன்" என்று இருந்த ஒரு அண்ணரை எனக்குத் தெரியும். கனடா ஸ்பொன்சர் வந்தபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது.

கடதாசிகள்

விவாகப் பதிவுச் சான்றிதழின் அத்தாட்சிப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், உங்கள் அடையாள அட்டை, நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதற்கான கிராம அலுவலர் கடிதம். விதானையார் கடிதம் என்றால் எங்கள் ஆக்களுக்கு உடனே விளங்கும். இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம்.

வன்னியில் இந்தப் பட்டியல் சொல்வதற்குத்தான் சுலபம். புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஓடும்போது எத்தனை பேருடைய சான்றிதழ் பை பங்கருக்குள்ளேயே போனது? கையில் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். திருமணம் பதிந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில், பதிவுப் பகுதியில் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். பதிந்த திகதியும் பதிவாளர் பிரிவும் தெரிந்தால் விரைவில் கிடைக்கும். தெரியாவிட்டால் தேடும் காலத்தைச் சொல்லித் தேட வைக்க வேண்டும். கலியாணத்துக்குச் சாட்சியாகக் கையெழுத்து வைத்த மாமாவைக் கேட்டால் திகதியும் இடமும் வந்துவிடும். நான் கண்டதில் அதுதான் சுருக்கமான வழி.

பிரதி கைக்கு வந்ததும் பெயர்களை ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். விவாகச் சான்றிதழில் "பரமேஸ்வரி", அடையாள அட்டையில் "பரமேசுவரி", பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறொன்று என்று இருக்கும். இதைச் சட்டத்தரணியிடம் முதல் நாளே காட்டினால், வழக்கை எழுதிப் போடும் வழக்குரையிலேயே சேர்த்துவிடுவார், அல்லது ஒரு சத்தியக் கடதாசி போதும் என்பார். கூண்டில் ஏறின பிறகு கண்டுபிடித்தால் ஒரு தவணை (வழக்குக் கூப்பிடும் நாள்) போய்விடும்.

சட்டத்தரணியைப் பிடிப்பது

வழக்கை நீங்கள் வசிக்கும் இடம் எந்த மாவட்ட நீதிமன்ற எல்லைக்குள் வருகிறதோ அங்கே போடலாம். மற்றவர் தம்புள்ளையில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலையத் தேவையில்லை. வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று நான்கிலும் மாவட்ட நீதிமன்றம் உண்டு. ஆனால் கிட்ட இருக்கும் பட்டணம் ஒன்று, நீதிமன்ற எல்லை இன்னொன்று என்றும் இருக்கும். மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்து ஆக்கள் பஸ் வசதியைப் பார்த்துச் சட்டத்தரணியைப் பிடிக்க முதல், எந்த நீதிமன்றம் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த நீதிமன்றத்திலேயே தினமும் நிற்கிற சட்டத்தரணியை எடுங்கள். யாழ்ப்பாணத்தில் பெயர் பெற்றவர் என்று கூட்டிவந்தால் அவர் வராத ஒவ்வொரு தவணையும் உங்களுடையது.

இருவரும் இணங்கித்தானே இருக்கிறோம், ஒரே சட்டத்தரணி போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஒருவர் வழக்காளிக்கும் எதிராளிக்கும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. செலவு கூடும்தான், ஆனால் எதிராளிக்கும் ஒருவர் இருந்தால் வழக்குச் சீக்கிரம் நகரும், பிறகு "எனக்கு விளங்காமல் கையெழுத்து வைத்தேன்" என்ற கதையும் வராது.

முதல் சந்திப்பில் பணத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். முழு வழக்குக்கும் ஒரே தொகையா, தவணைக்குத் தவணையா? முத்திரை, தட்டச்சு, அழைப்பாணைச் செலவு அதற்குள் வருமா? இறுதிக் கட்டளையின் அத்தாட்சிப் பிரதி எடுத்துத் தருவதும் சேர்த்தியா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. கொடுக்கும் ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிறகு "புரொக்சி" என்ற நியமனப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார். அதை வைத்துத்தான் அவர் உங்களுக்காக வழக்கில் நிற்கிறார். அது ரத்தாகும்வரை வேறு சட்டத்தரணி உள்ளே வர முடியாது. அதனால் அவரைப் பிடித்திருந்தால் மட்டும் கையெழுத்து வையுங்கள். ஒரு நாள் யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழும்பி வருவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பணமே இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. நான்கு மாவட்டத்திலும் நிலையம் உண்டு. வருமானத்தைப் பார்த்து உதவி செய்வார்கள். விதானையார் கடிதத்தோடும் மேலே சொன்ன கடதாசிகளோடும் காலையிலேயே போங்கள்.

உண்மையான வேலை இதுதான்

எதிர்ப்பில்லாத வழக்கில் நீதிமன்றத்துக்குள் நடப்பது கொஞ்சம். வெளியே நடக்க வேண்டியதுதான் அதிகம். வழக்குப் போட முதலே இருவரும் உட்கார்ந்து (நேரில் முடியாவிட்டால் நம்பிக்கையான ஒரு பெரியவர் நடுவில் இருந்து) எல்லாவற்றையும் பேசி எழுதிவிட வேண்டும். "பிள்ளைகளை நல்லாப் பார்ப்பார்" என்ற மாதிரி எழுத்தால் பயனில்லை.

பிள்ளை யாருடன் இருக்கும்? மற்றவர் எந்தெந்த நாளில் பார்க்கலாம், எங்கே பார்க்கலாம்? பள்ளி விடுமுறையில்? பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும்? பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்க, பாடசாலை மாற்ற யார் கையெழுத்து? வெளிநாடு கொண்டுபோக மற்றவரின் சம்மதம் வேண்டுமா? இவ்வளவையும் எழுதுங்கள். நீதிபதி பிள்ளையின் நலனைத்தான் முதலில் பார்ப்பார். நீங்கள் இணங்கியதே பிள்ளைக்குக் கூடாது என்று பட்டால் மாற்றச் சொல்வார்.

பிள்ளைத் தாபரிப்பு, அதாவது பராமரிப்புக் காசு, மாதம் எவ்வளவு, எத்தனையாம் திகதி, எந்த வங்கிக் கணக்குக்கு? கையில் கொடுப்பது என்று எழுத வேண்டாம். கொடுத்தேன், இல்லை, வாங்கவில்லை என்று பிறகு சண்டை வரும். வங்கிச் சிட்டை இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. பணம் நின்றுபோனால் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். 18 வயதுக்குப் பிறகும், படிக்கிற பிள்ளை போன்றோருக்கு 25 வயது வரை கேட்க இடமிருக்கிறது. கணவன் அல்லது மனைவிக்கான நிரந்தரத் தாபரிப்பை மொத்தமாக ஒரு தொகையாக முடிப்பதா, மாதாமாதம் கொடுப்பதா என்றும் முடிவெடுங்கள். எதிர்ப்பில்லாத வழக்குகளில் பலர் ஒரே தொகையை விரும்புகிறார்கள். என் எண்ணமும் அதுதான். மாதாமாதம் ஒருவர் முகத்தை ஒருவர் நினைக்க வேண்டியதில்லை.

நகைகளைப் பட்டியலாக, பவுண் கணக்கோடு எழுதுங்கள். அடகில் இருப்பவற்றையும் யார் மீட்பது என்பதோடு எழுதுங்கள். கடனையும் மறக்க வேண்டாம். முச்சக்கர வண்டி லீசிங், குழுக்கடன் என்று எங்கள் பக்கத்தில் இல்லாத வீடில்லை. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு உங்கள் விவாகரத்து ஒரு பொருட்டில்லை. கையெழுத்து யாருடையதோ அவரைத்தான் தேடி வருவார்கள்.

காணி. இதில்தான் வன்னி மற்ற இடங்களில் இருந்து மாறுகிறது. உறுதிக் காணி என்றால் பரம்பரையாக வந்த முதுசம், சீதனம், கலியாணத்துக்குப் பின் விலைக்கு வாங்கிய தேடிய தேட்டம் என்று தேசவழமைப்படி பிரித்துப் பார்க்க வேண்டும். சீதனம் மனைவியுடையது. தேடிய தேட்டத்தில் இருவருக்கும் உரிமை உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது பலருக்கு, காணி விற்கப் போகும்போதுதான் தெரியும். பிரிந்து ஆறு வருடம் ஆன கணவனைத் தேடிப்போய்க் கையெழுத்துக் கேட்ட அக்கா ஒருவர் எங்கள் வீதியிலேயே இருக்கிறார்.

ஆனால் விசுவமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குடியேற்றத் திட்டங்களில் இருப்பவர்களில் பலரிடம் இருப்பது அரச காணி அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம். அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. பெயர் அநேகமாகக் கணவனுடையது. அதன்மேல் வீட்டுத்திட்ட வீடும் நிற்கும். "பாதி உனக்கு, பாதி எனக்கு" என்று இருவரும் எழுதிக் கையெழுத்து வைத்தால் பாதி மாறிவிடாது. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் இந்தக் காணியைக் கைமாற்ற முடியாது. ஆகவே வழக்குப் போட முதலே பிரதேச செயலகக் காணிப் பகுதிக்குப் போய், என்ன செய்ய அனுமதிப்பார்கள் என்று கேட்டு, அதற்கேற்பத்தான் இணக்கத்தை எழுத வேண்டும். வீடு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், அதற்கு ஈடாக வயல் விளைச்சலோ பணமோ கணவனுக்கு என்று முடித்தவர்கள் இருக்கிறார்கள். உறுதிக் காணியை மாற்றுவதானாலும் நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுத வேண்டும். வெள்ளைத் தாள் போதாது. உறுதி எழுதும் வேலையை வழக்கோடு சேர்த்தே முடியுங்கள். "விவாகரத்துக் கிடைக்கட்டும், பிறகு எழுதித் தாறன்" என்ற வாக்கை நான் நம்புவதில்லை.

வழக்குப் போட்டபின்

சட்டத்தரணி வழக்குரை எழுதித் தருவார். கையெழுத்து வைக்க முதல் முழுக்க வாசியுங்கள். திகதிகள், பிள்ளைகளின் பெயர், பிரிந்த நாள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான், ஆனால் எழுத்தில் சரியாக இருக்க வேண்டும்.

அடுத்தது அழைப்பாணை. என் வழக்கு இழுபட்டது இதில்தான். நான் கொடுத்தது வட்டக்கச்சி விலாசம். கணவர் அப்போது லொறியோடு தம்புள்ளைச் சந்தைப் பக்கம். அழைப்பாணை இரண்டு தரம் திரும்பி வந்தது. இரண்டு தவணை போனது. பிழை முழுக்க என்னுடையது. இணங்கிய எதிராளி என்றால் இந்தச் சங்கடமே வேண்டாம். தன் சட்டத்தரணியோடு நீதிமன்றத்துக்கு வந்து, அழைப்பாணையை ஏற்று, நியமனப் பத்திரம் கொடுத்துவிடலாம். இதை முதலே பேசி வையுங்கள்.

எதிராளி பிரான்சிலோ சுவிசிலோ இருந்தால் அழைப்பாணை வெளிநாட்டுக்குப் போக வேண்டும். அதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும், காலமும் எடுக்கும். அவரது சரியான விலாசமும் வதிவிட அட்டைப் பிரதியும் வட்ஸ்அப்பில் வாங்கி வைப்பது உதவும். வழக்காளியே வெளிநாட்டில் இருந்தால், அற்றோர்ணித் தத்துவம் (அவருக்காகச் செயற்படும் அதிகாரம்) பெற்றவர் எதுவரை செய்யலாம், சாட்சி சொல்ல நேரில் வர வேண்டுமா என்பதை டிக்கெட் போட முதல் கேளுங்கள்.

சாட்சி சொல்லும் நாள்

காலையில் நேரத்தோடு போங்கள். துப்புரவான, எளிமையான உடுப்பு. போன் சத்தம் நிறுத்தியிருக்க வேண்டும். அடையாள அட்டையும் மூலச் சான்றிதழ்களும் பையில் இருக்கட்டும். பெயர் கூப்பிடும்போது தண்ணி குடிக்க வெளியே போய்விடாதீர்கள். சாட்சியம் தமிழிலேயே இருக்கும், மொழியைப் பற்றிய பயம் வேண்டாம்.

கூண்டில் ஏறினால் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பிறகு உங்கள் சட்டத்தரணியே கேட்பார். பெயர் என்ன, எங்கே வசிக்கிறீர்கள், எப்போது எங்கே மணம் முடித்தீர்கள், இந்தச் சான்றிதழ்தானா, பிள்ளைகள் எத்தனை, எப்போதிருந்து பிரிந்திருக்கிறீர்கள், என்ன நடந்தது, திரும்பச் சேர முயற்சி செய்தீர்களா, இணக்கத்தின் நிபந்தனைகள் விளங்கித்தான் சம்மதித்தீர்களா. நீதிபதியும் இடையில் கேட்பார். சேர்ந்து வாழ வழியே இல்லையா என்று அவர் கேட்டால் கோபப்பட வேண்டாம், அது அவருடைய கடமை.

எனக்கு எல்லாம் சரியாகத்தான் போனது, ஒரு கேள்வி வரை. "எப்போதிருந்து பிரிந்து வாழ்கிறீர்கள்?" நான் சொன்னேன், "பெரும்போக வெட்டு முடிஞ்ச கிழமை ஐயா." நீதிபதி பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "எந்த வருசத்து வெட்டு அம்மா?" பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். எனக்கு வருடம் தொண்டைக்குள் நின்றது, வரவில்லை. சட்டத்தரணி வழக்குரையைப் பார்த்துத் திரும்பக் கேட்ட பிறகுதான் மாதமும் வருடமும் சொன்னேன். எனக்கு அந்த நாள் நெல் வெட்டு மெஷின் சத்தத்தோடுதான் நினைவில் இருக்கிறது, நீதிமன்றத்துக்கோ திகதி வேண்டும். முதல் நாள் இரவு வழக்குரையின் பிரதியை எடுத்து நான்கு திகதிகளை மனனம் செய்யுங்கள்: மணம் முடித்தது, பிள்ளை பிறந்தது, பிரிந்தது, வழக்குப் போட்டது.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மாமியார் கதை, சீதனக் கதை எல்லாம் அங்கே வேண்டாம். முழுச் சாட்சியமும் ஒரு பிளேன்ரீ ஆறுகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். இவ்வளவுதானா என்று இறங்கும்போது கால் நடுங்கும். துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போகச் சொல்வது அதற்காகத்தான்.

மூன்று மாதம்

நீதிபதி திருப்திப்பட்டால் முதலில் கிடைப்பது இடைக்காலக் கட்டளை. சட்டத்தரணிகள் "டிக்கிரி நைசை" என்பார்கள். இது கையில் வந்ததும் விவாகரத்து முடிந்தது என்று நினைத்துச் சாதகம் பார்க்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. முடியவில்லை. குறைந்தது மூன்று மாதம் போக வேண்டும். அதற்குள் அதை நிலைநாட்டக் கூடாது என்று யாரும் காரணம் காட்டாவிட்டால் இறுதிக் கட்டளையாகும். அதுவரை சட்டப்படி நீங்கள் கணவன் மனைவிதான். இறுதிக் கட்டளைத் தவணையைக் கவனமாகக் குறித்து வையுங்கள். நைசை கிடைத்த சந்தோசத்தில் சட்டத்தரணியின் பக்கமே போகாமல் விட்டு, இறுதிக் கட்டளை எடுக்காமல் இருந்த இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன்.

இறுதிக் கட்டளை வந்ததும் நீதிமன்றப் பதிவகத்தில் விண்ணப்பித்து அத்தாட்சிப் பிரதி எடுங்கள். ஒன்றல்ல, மூன்று நான்கு எடுங்கள். மறுமணப் பதிவுக்கு ஒன்று, வெளிநாட்டு விசாவுக்கு ஒன்று, காணி அலுவலுக்கு ஒன்று என்று போய்விடும். வழக்கு இலக்கத்தைத் தனியே எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்துப் பிரதி தேடும்போது அந்த இலக்கம்தான் கைகொடுக்கும். பிறகு விதானையாரிடம் குடும்பப் பதிவைத் திருத்துங்கள். ஊழியர் சேமலாப நிதியிலும் காப்புறுதியிலும் வங்கியிலும் நியமித்த பெயர் யாருடையது என்று பாருங்கள். கணவன் பெயரில் கடவுச்சீட்டு எடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

என் பிரதிகளில் ஒன்று இன்னும் பிளாஸ்ரிக் உறையோடு அலுமாரியில் இருக்கிறது. மற்ற மூன்றும் போய்விட்டன, மூன்றாவது போன வருடம் வங்கிக்கு. புதிதாக இரண்டு எடுக்க வருகிற கிழமை நீதிமன்றப் பக்கம் போகிறேன். பரந்தன் தம்பியையும் சட்ட உதவி நிலையத்தில் காட்ட வேண்டும், சான்றிதழ்ப் பையோடு எட்டரைக்கு பஸ் நிலையத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.